பத்து எண்ணும் நேரம்

காலையில் தோள்பட்டையில் தொடங்கும் வலி மதியத்துக்குள் முழங்கைக்கு இறங்கிவிடும். சாயங்காலம் விரல் நுனியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பன்னிரண்டு வருஷமாக அதற்கு அதே பாதைதான். மடிப்புக்காரிக்கு அந்த வலியை வைத்தே மணி சொல்லத் தெரியும்.

"முழங்கைக்கு வந்துருச்சு. ரெண்டு மணி ஆகப்போகுது."

விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த நெட்டச்சி கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு. உன் கையைக் கழட்டிச் சுவத்துல மாட்டிட்டா கம்பெனிக்கு ஒரு கடிகாரம் மிச்சம்."

அது சலவைக்கூடம். ஆஸ்பத்திரி விரிப்பும் லாட்ஜ் விரிப்பும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒரு பக்கம் துவைக்கிற பெரிய தொட்டிகள், நடுவில் சூட்டு உருளை. உருளைக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் நிற்பார்கள். கொதிக்கக் கொதிக்க வெளியே வருகிற விரிப்பை ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடக்கிறோம் என்று நெட்டச்சி ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்நேரம் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்போம்டி" என்றாள்.

ஒரு கத்தைக்குப் பத்து விரிப்பு. அடுக்கி முடித்ததும் மடிப்பு ஓரங்களைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு இரண்டாகத் தள்ளிக்கொண்டே போவார்கள். ரெண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து. ஒரு மூச்சுக்குள் கத்தையைக் கட்டி வண்டியில் வீசியாகிவிடும். புதிதாக வந்த பெண் யாராவது ஒன்று ஒன்றாக எண்ணினால், "என்னம்மா, மாப்பிள்ளை வீட்டுச் சீரா எண்ணுற?" என்று சூப்பர்வைசரே கிண்டல் பண்ணுவான். மடிப்புக்காரி மூன்றாவதோடு படிப்பை விட்டவள். அவள் உருப்படியாக எண்ணக் கற்றுக்கொண்டது இந்த மேசையில்தான்.

அன்றைக்குச் சூப்பர்வைசர் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து கேட்டாள்.

"சார், நாளைக்குக் காலைல மட்டும் லீவு வேணும். பிள்ளையைப் பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"பரீட்சையா? அது நாலரை வயசுப் பிள்ளைதானே? பேசவே பேசாதுன்னு சொன்னாங்க."

"அதுக்குத்தான் சார் பரீட்சை."

அவனுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளவும் அவனுக்கு நேரமில்லை. "இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு நாள் போட்டுட்ட. நாளைக்கு ரெண்டு மணி வேன்ல நீ இருக்கணும். இல்லைன்னா அடுத்த நாள் வேன்ல இடம் இருக்காது. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

"இருப்பேன் சார்."

"இருப்பா, இருப்பா" என்றாள் நெட்டச்சி. "அவ கைக்கு மணி தெரியும்."

*

பிள்ளை பிறந்தபோது அழவில்லை. மூச்சு வரத் தாமதமாகிவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத் தாமதம் உடம்பு முழுக்கப் பரவித் தங்கிவிட்டது. கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்ளும். கை விறைத்திருக்கும். வார்த்தை வராது. கண் மட்டும் ஓயாது; ஈ பறந்தாலும் அதன் பின்னாலேயே போகும். மூட்டை ஏற்றும் வேலைக்கு வெளியூர் வெளியூராகப் போகிற அப்பன் பத்து நாளைக்கு ஒருமுறை வருவான். "மகாராணி எப்படி இருக்காங்க?" என்பான். உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வருகிறதல்லவா, அதனால் மகாராணி. சொல்லிவிட்டு அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதை மடிப்புக்காரி பார்த்திருக்கிறாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் சிறப்புப் பிள்ளைகளுக்கான மையத்தில் இடம் கிடைத்தது. இரண்டு வருஷம் வரிசையில் காத்திருந்து கிடைத்த இடம். மடிப்புக்காரிக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அன்றைக்குப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். டீச்சர் சின்னப் பெண்; குரலை உயர்த்தாதவள். அவளுக்கு ஒரு பிள்ளைக்கு இருபது நிமிஷம். அதற்குமேல் போனால் கதவுக்கு வெளியே அடுத்த பிள்ளை அழ ஆரம்பித்துவிடும்.

டீச்சர் நாலு அட்டை கொடுத்தாள். ஒன்றில் தண்ணீர்த் தம்ளர், ஒன்றில் பந்து, ஒன்றில் படுக்கை. நாலாவதில் மடிப்புக்காரியின் போட்டோ. வேலைக்குப் போகிற வழியில் எடுத்தது. தலையில் கம்பெனித் தொப்பி.

"ரெண்டு அட்டையை முன்னால வைங்கம்மா. 'எது வேணும்?'னு ஒரே ஒரு தடவை கேளுங்க. கேட்டுட்டுப் பேசாம இருங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அவளுக்குப் புரியாம இல்ல. கையைத் தூக்கணும்னு அவ நெனைச்சு, அந்தக் கை கெளம்பி வந்து சேர நேரமாகுது. அந்த நேரத்த நாமதான் குடுக்கணும்."

"சரிங்க டீச்சர்."

"இன்னொண்ணு. அவ எதைத் தொட்டாளோ அதை உடனே குடுத்துடணும். அப்புறம் தர்றேன், நாளைக்குத் தர்றேன்னு சொல்லக்கூடாது. கேட்டும் கிடைக்கலைன்னா, கேக்குறதே வீண்னு பிள்ளை கத்துக்கும். அதைக் கத்துக்கிட்டா மறக்க வைக்கிறது ரொம்பக் கஷ்டம்."

ஒவ்வொரு செவ்வாயும் டீச்சர் கேட்பாள்: "பத்து எண்ணினீங்களா?" மடிப்புக்காரி சொல்வாள்: "எண்ணினேன் டீச்சர்." உண்மையைத்தான் சொன்னாள். மையத்தில் டீச்சர் அட்டை வைத்தால் பிள்ளை உடம்பை முறுக்கிக்கொண்டு ஓவென்று அழும். வெளி ஆள் யார் வந்தாலும் அப்படித்தான். அதனால் வீட்டில் அம்மாவே செய்யட்டும் என்று விட்டாயிற்று.

ஆறு மாதம் முடிந்தால் மையத்து மேடம் வந்து பார்ப்பாள். ஐந்து தடவை கேட்டால் மூன்று தடவையாவது பிள்ளை அட்டையைத் தொட வேண்டும். தொட்டால் டீச்சரிடம் தொடரலாம். தொடாவிட்டால் பின்கட்டுக் கூடம். அங்கே பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவார்கள், துணி மாற்றுவார்கள், படுக்கவைப்பார்கள். எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு தடவை கழிப்பறைக்குப் போகிற வழியில் மடிப்புக்காரி அந்தக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு பாய்கள். மேலே மின்விசிறி. பன்னிரண்டு பிள்ளைகளும் அந்த விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

*

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அட்டையை எடுத்துக்கொண்டு பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் நாத்தனாரின் சட்டை மூட்டை. புருஷனின் அக்காவான அவள் வாழாவெட்டியாக வந்து இங்கேயே தங்கிவிட்டவள். கம்பெனிச் சட்டைகளை வாங்கிவந்து பொத்தான் தைப்பாள். வாயில் எப்போதும் நாலு பொத்தானாவது இருக்கும். அதோடு பேசவும் செய்வாள். பிள்ளையைப் பகல் முழுக்கப் பார்ப்பதும் அவள்தான்.

மடிப்புக்காரி தம்ளர் அட்டையையும் பந்து அட்டையையும் பிள்ளைக்கு முன்னாலிருந்த பலகையில் வைத்தாள். "எது வேணும்டி செல்லம்?"

பிள்ளை தம்ளரைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. மடிப்புக்காரியின் உதடு அசைந்து நின்றது. பிள்ளையின் கை அசையவில்லை. அட்டைகளை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். "எது வேணும்?" உதடு அசைந்து நின்றது. ஒன்றுமில்லை.

நாத்தனார் பொத்தான்களை உள்ளங்கையில் துப்பினாள். "போதும் விடு. மதியத்துலேர்ந்து அதுக்குத் தொண்டை காயுது, அதைப் போயி அட்டையக் காட்டிக் காட்டி. வாயில்லாத பிள்ளையத் தவிக்கவிட்டாத்தான் படிப்பு ஏறும்னு எந்த டீச்சரு சொன்னா?"

"நாளைக்குப் பரீட்சை அண்ணி. ஒரு தடவையாவது தொட்டுச்சுன்னா எனக்கு நம்பிக்கை வரும்."

"எனக்கு எதுக்கு அட்டை? அது முகத்தைச் சுளிச்சா பசி, கண்ணை உருட்டினா தண்ணி, காலை ஒதைச்சா ஒண்ணுக்கு. பெத்தவ நீயி. வளர்க்குறவ நான். எனக்குத் தெரியுது, ஒனக்குத் தெரியலயே."

"ஒங்களுக்குத் தெரியுது அண்ணி. எனக்கும் தெரியுது. நம்ம ரெண்டு பேரும் போனப்புறம் யாருக்குத் தெரியும்?"

நாத்தனார் எழுந்து தண்ணீரை மொண்டு வந்தாள். பிள்ளையின் தலையைத் தாங்கித் தம்ளரை வாயருகே கொண்டுபோனாள். இரண்டு மடக்கு உள்ளே போவதற்குள் பிள்ளையின் வலது கை எங்கிருந்தோ கிளம்பி வந்து தம்ளரைத் தட்டியது. தண்ணீர் கவுன் முழுக்கக் கொட்டியது.

"பாத்தியா? தினம் இந்தக் கூத்துதான். சும்மா இருக்கிற கை, குடிக்கிறப்பப் பாத்து வீசும். நாலு கவுனு காயப்போட்டிருக்கேன், பாரு."

நாள் முழுக்க விரிப்பு இழுத்த தோள், நாளைய பரீட்சைப் பயம், நாத்தனாரின் பேச்சு எல்லாம் சேர்ந்துகொண்டது. மடிப்புக்காரி அந்தக் கையில் ஒன்று போட்டாள். பலமாக இல்லை. ஆனால் சத்தம் வந்தது. பிள்ளை அழவில்லை. கையைப் பார்த்தது. பிறகு அதை மெதுவாக மடிக்குள் இழுத்துக்கொண்டது.

"அடிக்கிற கைக்கு மட்டும் வலி வராது போல" என்று நாத்தனார் மறுபடியும் பொத்தானை வாயில் போட்டுக்கொண்டாள்.

*

மேடம் கெட்டவள் இல்லை. வரும்போதே, "சாப்பிட்டுட்டு வந்தீங்களா?" என்றுதான் கேட்டாள். கையில் கோப்புகள் அடுக்காக இருந்தன. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"பிள்ளை புது ஆளைப் பார்த்தா அழும்னு டீச்சர் எழுதியிருக்காங்க. அதனால நீங்களே கேளுங்கம்மா. நான் ஓரமா உக்காந்துக்கிறேன். அவசரமே இல்ல."

சின்ன மேசை. பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டை கட்டினாள் டீச்சர். கட்டிவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். மடிப்புக்காரி உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தம்ளர் அட்டையையும் பந்து அட்டையையும் வைத்தாள்.

"எது வேணும்?"

உதடு அசைந்தது. அட்டைகளை எடுத்தாள். மேடம் பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

"எது வேணும் கண்ணு?" எடுத்தாள். ஒரு கோடு.

மூன்றாம் தடவை அவள் குரல் கெஞ்சியது. நாலாம் தடவை பிள்ளையின் தோள் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. அதற்குள் அட்டைகள் அவள் கைக்கு வந்துவிட்டன. ஐந்தாம் தடவை பிள்ளையைப் பார்க்கவே அவளுக்குத் தைரியம் இல்லை. அட்டையைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். எடுத்தாள்.

"சரிம்மா" என்றாள் மேடம் மென்மையாக. "பரவாயில்ல. எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது." படிவத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள்.

மடிப்புக்காரி அட்டைகளைப் பைக்குள் செருகிக்கொண்டு, பட்டையை அவிழ்க்கக் குனிந்தாள். அப்போதுதான் அந்தக் கை வந்தது. தோளிலிருந்து கிளம்பி, நடுங்கி, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், திரும்பி, மேசைமேல் இறங்கியது. தம்ளர் அட்டை இருந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில், வெறும் பலகையை விரல்கள் தொட்டன. தொட்டுவிட்டுப் பிள்ளை அம்மாவை நிமிர்ந்து பார்த்தது.

மூன்று பேருமே அதைப் பார்த்தார்கள்.

டீச்சர்தான் முதலில் பேசினாள். "அம்மா, மனசுக்குள்ள எண்ணுனீங்கல்ல. அதைக் கொஞ்சம் சத்தமா எண்ணுங்க."

"எதை டீச்சர்?"

"பத்து. இப்ப எண்ணுன மாதிரியே."

மடிப்புக்காரி எண்ணினாள். அவளை அறியாமலே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத விரிப்பின் ஓரத்தைத் தள்ளின. "ரெண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து."

ஒரு தும்மல் போடும் நேரம்.

டீச்சர் கண்ணை மூடித் திறந்தாள். "ஆறு மாசமும் இப்படித்தான் எண்ணுனீங்களா?"

"பத்துன்னா எனக்கு இப்படித்தான் டீச்சர் தெரியும். நீங்க பத்து எண்ணச் சொன்னீங்க. எப்படிப் பத்துன்னு சொல்லலயே."

"நான் கேக்கல" என்றாள் டீச்சர். "ஒரு தடவைகூடச் சத்தமா எண்ணுங்கன்னு நான் கேக்கல." பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினாள். "மேடம், இன்னும் ஒரே ஒரு தடவை. ஒண்ணு ஒண்ணா எண்ணிப் பார்ப்போம்."

"அஞ்சு தடவைதான் டீச்சர். ஒருத்தருக்கு ஆறாவது குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. வரிசையில நாப்பத்தி ரெண்டு பிள்ளைங்க இருக்கு. அந்தத் தாய்மாருங்களுக்கும் நான்தான் பதில் சொல்லணும்."

"நீங்களும் பாத்தீங்களே மேடம்" என்றாள் மடிப்புக்காரி. "தொட்டுச்சு. நீங்களே பாத்தீங்க."

"பார்த்தேன்மா. இல்லைன்னு சொல்லல." மேடம் படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். கட்டம் கட்டமாக இருந்தது. "தண்ணிக்கு ஒரு கட்டம், பந்துக்கு ஒரு கட்டம். வெறும் மேசையத் தொட்டத நான் எந்தக் கட்டத்துல எழுதுறது? மறுபடி பாக்கணும்னு மனு குடுங்க. மூணு மாசம், நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் பின்கட்டுல விடுங்க. நல்லாப் பாத்துக்குவாங்க."

மனுவை டீச்சரே எழுதினாள். மடிப்புக்காரி கையெழுத்துப் போட்டாள். டீச்சர் பேனாவை மூடிக்கொண்டே மேடத்துக்குக் கேட்காமல் சொன்னாள்: "வீட்டுல விடாதீங்கம்மா. ஒண்ணு ஒண்ணா எண்ணுங்க. மூச்சு விட்டு மூச்சு விட்டு எண்ணுங்க."

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்ததும் அந்தக் கை அவள் கழுத்தில் உரசியது. நேற்று அடி வாங்கிய கை. தண்ணீரைத் தட்டிவிட்ட கை. அது வீசியதல்ல, 'தண்ணி' என்று சொல்லக் கிளம்பி வந்த கை. தினம் தினம் அப்படித்தான் கிளம்பியிருக்கிறது. வந்து சேருவதற்குள் அட்டை போயிருக்கும், தம்ளர் வாய்க்கு வந்திருக்கும், பதில் சொல்ல வந்த கை பழியை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவளுக்குக் காலும் ஓய்ந்துபோனது, இடுப்பும் விட்டுப்போனது. அழுகை மட்டும் வரவில்லை.

*

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றே முக்கால். முற்றத்துக் கொடியில் நாலு கவுன்கள் காய்ந்து விறைத்துத் தொங்கின.

"என்னாச்சு?" என்றாள் நாத்தனார். முகத்தைப் பார்த்ததும், "சரி விடு. முதல்ல ரெண்டு வாய் சோறு தின்னு" என்றாள்.

மடிப்புக்காரி பிள்ளையைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். பலகையை இழுத்துப் போட்டாள். பையைக் கவிழ்த்ததில் நாலு அட்டையும் விழுந்தன. தம்ளரை எடுத்து ஒரு பக்கம் வைத்தாள். மறு பக்கத்துக்குக் கையில் அகப்பட்டது போட்டோ அட்டை. அதை இதுவரை அவள் காட்டியதே இல்லை. நான்தான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேனே, படம் எதுக்கு என்று விட்டிருந்தாள். தொப்பி போட்ட அந்த முகத்தைப் பார்த்து, "ஊசி போட வந்த நர்ஸு மாதிரி இருக்க" என்று நாத்தனார் சிரித்ததோடு சரி.

"இன்னும் விடலயா நீ இதை?"

"அண்ணி, ஒங்க காலைத் தொட்டுக் கேக்குறேன். கொஞ்ச நேரம் பேசாம இருங்க. கையையும் நீட்டாதீங்க."

நாத்தனார் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டுக் கிட்டே வந்து குந்தினாள்.

"எது வேணும்?" என்று மடிப்புக்காரி கேட்டாள். பிறகு சத்தமாக எண்ணினாள். "ஒண்ணு."

மூச்சு விட்டாள். அவளுடைய விரல்கள் பழக்கத்தில் அடுத்த எண்ணைத் தாண்டப் பார்த்தன. கையை முழங்காலுக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"ரெண்டு." தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். "மூணு." பிள்ளை தம்ளரைப் பார்த்தது. "நாலு." தோள் அசைந்தது. "அஞ்சு." இத்தனை நாளும் இதற்கு முன்பே மடிப்புக்காரி அட்டையை எடுத்துவிட்டிருக்கிறாள். நாத்தனாரின் கை தானாக நீண்டது. அதைத் தன் இன்னொரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டாள். "ஆறு." விறைத்த கை மடியை விட்டு எழும்பியது. "ஏழு." எழும்பிய கை பின்னால் இழுத்துக்கொண்டது, பிள்ளையின் வாயோரத்தில் எச்சில் கோத்தது. "எட்டு." கை முன்னே வந்தது. தம்ளர் அட்டைக்கு மேலே நின்று ஆடியது. "ஒம்பது." தம்ளரைத் தாண்டியது.

தாண்டிப் போய், தொப்பி போட்ட முகத்தின்மேல் விழுந்தது.

"பத்து" என்று சொல்ல மடிப்புக்காரி மறந்துபோனாள்.

"கேட்டுருச்சுடி!" என்று நாத்தனார் தொடையில் அடித்துக்கொண்டு கத்தினாள். "அடிப்பாவி மகளே, வாயத் தொறந்து கேட்ட மாதிரியே கேட்டுருச்சே! தண்ணி வேணாமாம். அம்மா வேணுமாம்." அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "நாலரை வருஷமா ஊட்டி விடுறேன், என்னைக் கேட்டுச்சா பாரு, திருட்டுக் கழுதை!"

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை.

மடிப்புக்காரி எழுந்திருக்கவில்லை. பிள்ளை படத்தின்மேல் வைத்த கையை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டு, கொடுப்பதற்காகக் காத்திருந்தது. எத்தனை எண்ணிக்கை காத்திருக்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் போகாதடி" என்றாள் நாத்தனார்.

"போகலைன்னா நாளைக்கு இடம் இல்லைன்னு சொல்லிட்டான் அண்ணி. ஒங்க தம்பி போன வாரத்துலேர்ந்து இடுப்புப் பிடிச்சு, வேலைக்குப் போன ஊர்லயே படுத்துக்கெடக்குறாரு. ஒங்க பொத்தான் கூலியில மூணு பேரு திங்க முடியுமா?"

ஹாரன் மறுபடி அடித்தது. மடிப்புக்காரி பிள்ளையைத் தூக்கினாள். மார்போடு அழுத்தினாள். நாலு எட்டு நடந்து நாத்தனாரின் மடியில் போட்டாள். ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்து மாட்டினாள். தொப்பியோடு அந்த முகம் அட்டையில் இருந்த முகமாகவே ஆனது. அதைப் பார்த்துப் பிள்ளை சிரித்தது. கேட்டது வந்துவிட்டது என்று சிரித்தது.

அவள் வெளியே ஓடினாள். வேன் கதவை இழுத்துச் சாத்தும்போது வீட்டுக்குள்ளிருந்து அழுகுரல் கேட்டது. வெளி ஆள் அட்டை வைத்தால் அழுகிற அழுகை இல்லை இது. இதை அவள் முன்பு கேட்டதில்லை.

*

நெட்டச்சி விரிப்பின் முனையை நீட்டினாள். "என்னடி, பரீட்சை என்னாச்சு?"

"போச்சு."

"அடக் கடவுளே. ஒண்ணுமே கேக்கலயா?"

"வீட்டுல வந்து கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"என்னைக் கேட்டுச்சு."

நெட்டச்சி விரிப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். உருளையிலிருந்து அடுத்த விரிப்பு வந்து தரையில் சரிந்தது. சூப்பர்வைசர் அங்கிருந்தே கத்தினான். இருவரும் குனிந்து எடுத்தார்கள், உதறினார்கள், எதிரும் புதிருமாக நடந்தார்கள், முனையோடு முனை சேர்த்தார்கள். பத்து சேர்ந்ததும் மடிப்புக்காரி ஓரத்தில் விரல் வைத்தாள். ஒண்ணு. ரெண்டு. மூணு.

"என்னம்மா, இன்னைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தியா?" என்றான் சூப்பர்வைசர்.

அவள் தலை நிமிரவில்லை. நாலு. அஞ்சு. தோள்பட்டையில் அந்த வலி தொடங்கியது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தூக்கிக்கொள்ளலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேட்டது இரண்டு மணிக்கு. கேட்டதை உடனே கொடுக்க வேண்டும் என்றுதான் டீச்சர் சொன்னாள். நாலரை வருஷத்தில் முதல் தடவையாக மகள் ஒன்றைக் கேட்டாள். கேட்டது அம்மாவை. அதை அவள் கொடுக்கவில்லை.